கிழமைக்கு ஏழு பாட்டு

ஒருவர் வைத்திருக்கும் நூல்களைக் கொண்டு அவர் மனப்போக்கை மதிப்பிடலாம் என்பர். பாடல் விடயத்தில் இம்மதிப்பீடு இன்று அரிதாகிவிட்டது. ஒரே விறாந்தையில் தந்தையும் மகளும் அருகருகே அமர்ந்திருப்பர். இருவர் செவியிலும் இசை ஒலித்துக்கொண்டிருக்கும். ஒருவர் கேட்பது யாதென மற்றவர் அறியார். காதிற் செருகிய சிறு கருவி பாட்டைத் தனியுடைமை ஆக்கிவிட்டது. அடுத்து எதைக் கேட்பது என்பதையும் பெரும்பாலும் நாம் தீர்மானிப்பதில்லை. முன்பு கேட்டவற்றைக் கணக்கில் வைத்து, அவற்றை ஒத்த இன்னொன்றைக் கைத்தொலைபேசியே எடுத்துத் தருகின்றது. கேட்டதையே ஒத்ததைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு இரசனை வளர்வது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியாகவே சில காலமாக ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகிறேன். ஞாயிறு மாலை, வரும் கிழமைக்கென ஏழு பாடல்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரிகளிற் குறிப்பெழுதி, நண்பர் சிலருக்கும் என்னிடம் கற்ற மாணவர் சிலருக்கும் அனுப்புகிறேன். நாளுக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. இதற்கென மூன்று விதிகளை வகுத்துக்கொண்டேன். பழையதும் புதியதும் கலந்து வரவேண்டும். ஒன்றேனும் இலங்கை மண்ணிற் பிறந்ததாய் இருக்கவேண்டும். ஏன் தெரிந்தெடுத்தேன் என்று சொல்ல இயலாத பாட்டு, எத்துணை இனிமையானதாயினும், பட்டியலில் இடம்பெறலாகாது. மூன்றாவது விதியே கடினமானது; பயன் மிக்கதும் அதுவே.

வானொலி காட்டிய வழி

பாடல்களைக் கிழமைக் கணக்கில் வரிசைப்படுத்துவது என் புத்தாக்கமன்று. அவ்வழக்கத்தைத் தென்னாசியா எங்கும் பரப்பிய பெருமையிற் பெரும்பங்கு கொழும்புக்கு உரியது. 1925ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கு ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1949இல் அந்நிலையம் றேடியோ சிலோன் என்னும் பெயரைப் பெற்றது. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்புத்துறை அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய இசையிற் கொண்ட பற்றினால் அகில இந்திய வானொலியிலே திரையிசைக்கு இடமில்லாதவாறு செய்தார். பாட்டு வேட்கை கொண்ட இந்திய நேயர்கள் கொழும்பின் அலைவரிசையை நாடினர். அவ்வாண்டின் இறுதியில் 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி தொடங்கிற்று. அமீன் சயானி அதன் குரலாக விளங்கினார். தொடக்கத்தில் ஏழு திரைப்பாடல்களை முன்பின்னாக ஒலிபரப்பி, அவற்றைக் காலவரிசைப்படி அடுக்கி எழுதியனுப்புமாறு நேயர்களைக் கேட்டனர். எது பழையது, எது புதியது என்னும் வினாவே அங்கு விளையாட்டாயிற்று. பின்னரே அது பாடல்களுக்குத் தரவரிசை கூறும் நிகழ்ச்சியாக மாறியது.

தமிழிலும் அத்தகையதொரு பொற்காலம் இருந்தது. வர்த்தக ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலும், காலைப்பொழுதிற் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சியும், பிற்காலத்திற் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு'ம் பாக்குநீரிணையின் இருகரையிலும் கேட்கப்பட்டன. ஒரு பாட்டு ஒலித்தால் அது தெரு முழுதும் ஒலித்தது. மறுநாட் காலை பாடசாலையிலும் பேருந்திலும் சந்தையிலும் அதைப் பற்றிப் பேசுவதற்கு ஆளிருந்தது. நமக்குப் பிடியாத பாட்டையும் பொறுத்திருந்து கேட்கவேண்டியிருந்தது. அயலவருக்குப் பிடித்தது அது என்னும் அறிவும் அதனோடு சேர்ந்து வந்தது. அப்பொறுமை ஒரு சமூகப் பண்பு. போன காலத்தை மீட்டுத் தாவென்று நான் கேட்கவில்லை. வானொலி தானறியாமலே நமக்குக் கற்பித்த அப்பண்பை வேறு வழியிற் காத்துக்கொள்ளலாமா என்பதே என் கேள்வி. இனி, இக்கிழமைப் பட்டியலைத் தருகிறேன்.

கடல் கடந்த பாட்டுகள்

திங்கட்கிழமைக்கு உரியது திருஞானசம்பந்தர் திருக்கோணமலைமேற் பாடிய பதிகம். மூன்றாந் திருமுறையில், புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என நம் முன்னோர் வகுத்திருந்தனர். இன்ன பொழுதுக்கு இன்ன பாட்டு என்று தெரிந்தெடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று என்பதற்கு இது போதிய சான்று. புறநீர்மை பகற்பண், இக்காலத்துப் பூபாளத்தோடு அதனை ஒப்பிடுவர். பணிக்குச் செல்லுமுன் கேட்பதற்கு ஏற்றது.

சம்பந்தர் ஈழத்துக்கு வந்தவரல்லர். இராமேச்சுரத்தில் நின்று கடலுக்கப்பாலுள்ள கோணமலையைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். பாடியவர் கடக்காத கடலைப் பாட்டு கடந்தது. 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துத் தள்ளினர். கல் வீழ்ந்தது, பதிகம் வீழவில்லை. திருமுறை தொகுக்கப்பட்ட வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. தில்லையிற் செல்லரித்த ஏடுகளிலிருந்து பாடல்கள் மீட்கப்பட்டபின்னும் அவற்றின் பண்முறை தெரியவில்லையாம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணின் வாயிலாகவே அது கிடைத்தது என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஏடு சொற்களைத் தந்தது. இசையை ஒரு மனிதக் குரலே தரவேண்டியிருந்தது. பாட்டைக் கைமாற்றிக் கொடுப்போர் இல்லையெனின் ஏடிருந்தும் பயனில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமைக்குப் புதியதொன்று. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'. தீ, அறிவு ஆகிய இருவரும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. தேவாரத்தை அடுத்து இதையா வைப்பது என்று முகஞ் சுளித்த நண்பரும் உளர். அவருக்கு நான் அளித்த விடை இதுதான்: இதுவும் கடல் கடந்த பாட்டு. அறிவின் பாட்டியார் நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகத்துக்குத் திரும்பியவர். அவர் சொன்ன கதைகளே பாட்டுக்கு ஊற்று என்று அறிவு கூறியிருக்கிறார். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் எண்ணிக்கையாற் பேசிற்று. அவ்வெண்ணிக்கைக்குள் அடங்கியிருந்த மனிதரின் குரல், இரண்டு தலைமுறை கழித்து, இளைஞர் ஆடிப்பாடும் மெட்டொன்றினுள்ளே ஒப்பாரியாய் ஒலிக்கின்றது. விரைந்த தாளத்தை மட்டும் கேட்டு இதனைக் களியாட்டம் எனக் கருதுவோர் மறுமுறை கேட்பாராக.

மலைநாட்டாருக்குப் பாட்டு என்றும் உற்றதுணையாகவே இருந்துள்ளது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டப்புறக் கூட்டங்களிற் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். அவர் இயற்றிய பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. தோட்டத்து நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என 1983இல் வெளியிட்டார். செவ்வாய்க்கிழமைப் பாட்டைக் கேட்டவர்கள் அந்நூலையும் ஒருமுறை புரட்டுவார்களாயின் புதியதன் வேர் எத்துணை ஆழமானது என்பது புலனாகும்.

இலக்கணமும் இரக்கமும்

புதன்கிழமைக்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரக் கீர்த்தனைகளில் ஒன்று. எதுவென்பதைக் கேட்போர் விருப்பத்துக்கு விடுகிறேன். உழைப்பாளியின் பாட்டுக்குப் பின் உழைப்பாளியின் பாட்டு. சேக்கிழார் சுருக்கமாய்ச் சொன்ன திருநாளைப்போவார் வரலாற்றினுள் வேதியராகிய ஒரு பண்ணையாரைப் புகுத்தி, அவரிடம் விடைகேட்டு ஏங்கும் அடிமையாக நந்தனை நிறுத்தியவர் பாரதியார். மூலத்திலிருந்து விலகியமையும் இலக்கண வழுக்களும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு உவப்பாக இல்லை. சிறப்புப்பாயிரம் தராது நாட்களைக் கடத்தினார். பாரதியாரோ மீண்டும் மீண்டும் சென்று காத்திருந்தார். அவ்வாறு காத்திருந்த ஒருநாள் திண்ணையிலமர்ந்து தாமே பாடிக்கொண்டிருந்ததைப் பிள்ளையவர்கள் உள்ளிருந்து கேட்டு உருகினார், பாயிரமும் தந்தார். உ. வே. சாமிநாதையர் இதனை எழுதியிருக்கிறார். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இச்செய்தியை மாணவருக்குச் சொல்லவேண்டும். பிள்ளையவர்கள் கண்ட வழு வழுவே. ஆயினும் அதைக் கண்ட புலமைதான் அவ்விசைக்கு முன் உருகவும் அறிந்திருந்தது.

1942இல் வெளிவந்த 'நந்தனார்' படத்திலே எம். எம். தண்டபாணி தேசிகர் பாடியவற்றைக் கேட்கலாம். ஆலயப் பிரவேசத்திற்காக 1968இல் மாவிட்டபுரத்திற் போராட்டம் நிகழ்ந்த நாடு நம்முடையது. கோயில் வாயிலுக்கு வெளியே நின்று ஏங்கிய ஒருவனின் பாட்டை வெறும் பக்திச்சுவையாக மட்டும் கேட்க நம்மால் இயலுமா?

வியாழக்கிழமை சற்றே இளைப்பாறுதல் வேண்டும். நம்மவரின் பொப்பிசைப் பாடல் ஒன்று. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், 2018இல் மறைந்த ஏ. ஈ. மனோகரனாற் புகழ்பெற்ற 'சுராங்கனி'யும் அறியாத ஈழத்தமிழர் மிகச் சிலரே. போர்த்துக்கேயரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற தாளங்களிலிருந்து பைலா பிறந்தது. அந்தப் பைலாவின் துள்ளலைத் தமிழ்ச் சொல்லோடு மணம்புரிவித்தவை இப்பாடல்கள். 'சுராங்கனி'யோ சிங்களமும் தமிழும் சேர்ந்து மகிழும் பாட்டாகவே பரவிற்று. கோணமலைக் கோயிலை இடித்தவர்களின் வழிவந்த தாளத்திலே நாம் கலியாண வீடுகளில் ஆடுகிறோம். வரலாற்றின் விந்தை என்பதன்றி வேறென் சொல்வது? இலக்கியக் கூட்டங்களில் இப்பாடல்களைப் பொருட்படுத்துவார் இலர். எனினும் ஈழத்தில் ஆக்கப்பட்டுத் தமிழகத்தையும் ஆடவைத்தவை இவை. அது சிறிய சாதனையன்று.

சொல்லற்ற ஒன்றும் சொல்லால் நின்ற ஒன்றும்

வெள்ளிக்கிழமைக்குப் பாட்டில்லை, தவில் உண்டு. இணுவிலிற் பிறந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933-1975) ஈழத்துக் கோயில் வீதிகளிலிருந்து புறப்பட்டுத் தமிழகத்தின் பெரும் நாதசுரக் கலைஞர்களோடு சரியாசனம் பெற்றவர். ஈழம் நாதசுரமும் தவிலும் கற்றது தஞ்சை மண்ணிலிருந்து. கற்றதற்கு மேலாகத் திருப்பிக் கொடுத்ததற்கு அவரே அடையாளம். அவர் நெடுங்காலம் வாழ்ந்தாரல்லர். அவர் வாசிப்பின் பெரும்பகுதி திருவிழா இரவுகளோடு கரைந்துபோயிற்று. இன்று நம் கைக்கெட்டும் ஒலிப்பதிவுகள் சிலவற்றைக் கேட்கும்போதெல்லாம், கருவியோடு விழாவுக்குச் சென்று நாடாவிற் பதிந்துவைத்த அந்த இரசிகர்களையும் மனத்தால் வணங்குகிறேன். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தையும் மாணவர்கள் பார்த்தல் நலம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது இழந்த ஏடுகளுக்காக நாம் இன்றும் கலங்குகிறோம், கலங்கவேண்டியதே. ஓசைக்கோ நாம் அத்தகையதொரு நூலகத்தைக் கட்டியதே இல்லை. அதன் இழப்பு தீயின்றியே, ஓசையின்றியே நிகழ்ந்துகொண்டிருக்கின்றது.

சனிக்கிழமைக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 'அரசிளங்குமரி' படத்திற்காக அவர் எழுதி, ஜி. ராமநாதன் இசையமைத்து, ரி. எம். சௌந்தரராஜன் பாடிய அறிவுரைப் பாட்டு. ஒரு சிறுவனை நோக்கிப் பாடப்படுவது. படம் 1961இல் திரைக்கு வந்தபோது கவிஞர் உயிரோடில்லை; 1959இல், இருபத்தொன்பது வயதில், மறைந்துவிட்டார். அறிவுரை கூறும் பாட்டுகள் பெரும்பாலும் அலுப்பூட்டும். இஃது அலுப்பதில்லை. காரணம் எளிது. மேடையில் நிற்கும் பெரியவராகவன்றிக் கூடவே நடந்துவரும் அண்ணனாகக் கவிஞர் பேசுகிறார். நாட்டார் பாட்டின் நடையும் உழைப்பாளியின் சொல்லும் அவருக்கு இரவல் வாங்கியவையல்ல. வகுப்பறையில் நீதிநூல் கற்பிப்போர் இப்பாட்டின் தொனியைக் கவனித்தால் நன்மை பயக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு, 1985இல் வெளிவந்த 'சிந்துபைரவி'யில் கே. எஸ். சித்திரா பாடி, இந்திய தேசிய விருது பெற்ற பாட்டு. நாட்டார் மெட்டாகத் தொடங்கித் தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனையொன்றில் முடிகின்றது. தியாகராசர் காம்போதியில் அமைத்த அக்கீர்த்தனையை இளையராஜா சாரமதி இராகத்துக்கு மாற்றி, நாட்டார் மெட்டையும் அதே இராகத்தில் ஓட்டிக் காட்டினார். மாற்றலாமா என்று அன்று எழுந்த விவாதம் இன்றும் முற்றாக ஓயவில்லை. கச்சேரி மேடையிலே தமிழுக்கு ஏன் இடமில்லை என்று அப்படத்திற் கேட்கப்படும் வினாவோ பழையது. 1940களில் அண்ணாமலை அரசர் முதலானோர் வளர்த்த தமிழிசை இயக்கம் எழுப்பிய வினா அது. அக்காலத்திலேயே காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள், பழந்தமிழரின் யாழையும் பண்ணையும் ஆராய்ந்து 1947ஆம் ஆண்டு சூன் மாதத்தில் 'யாழ் நூலை' அரங்கேற்றி, மறுமாதமே மறைந்தார். ஒரு திரைப்பாட்டினூடாக மாணவன் ஒருவன் யாழ் நூலின் பெயரை முதன்முதலாகக் கேள்விப்படுவானாயின் அத்திரைப்பாட்டுக்கு நான் கடன்பட்டவன்.

கைமாறு

இக்கிழமைக்குரியன இவ்வேழே. எனது தெரிவுகளே சிறந்தவை என்று நான் சாதிக்கவில்லை. அனுப்பிய மறுநாளே மறுப்புகள் வரத் தொடங்கும். மட்டக்களப்பு நண்பர் ஒருவர் 'கூத்துப்பாட்டு எங்கே?' என்று தவறாது கேட்பார். 1960களிற் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்குப் பல்கலைக்கழக மேடையில் மதிப்பைத் தேடித் தந்ததை எடுத்துக்காட்டி, அடுத்த பட்டியலுக்கு வடமோடியையோ தென்மோடியையோ பரிந்துரைப்பார். முதிய ஆசிரியர் ஒருவர் 1970களின் ஈழத்து மெல்லிசையை நினைவூட்டுவார். சிங்களத் திரைக்கு இசையமைத்துப் புகழ்பெற்ற ஆர். முத்துசாமி, எம். கே. றொக்சாமி ஆகியோரைத் தமிழர் தமக்குரியவராகப் போற்ற மறந்ததை எண்ணி வருந்துவார். அவ்வருத்தம் நியாயமானதே.

எனக்கு மிகுந்த மகிழ்வளிப்பது வேறொன்று. மாணவர் சிலர் தத்தம் பட்டியலை எனக்குத் திருப்பி அனுப்புகின்றனர். நான் பெயரும் அறியாத பாடகர்கள் அவற்றில் வருகின்றனர். சில பாட்டுகள் எனக்குப் பிடிபடவில்லை. வேறு சில ஒரே கேள்வியிற் பிடித்துக்கொண்டன. ஆயின் எல்லாவற்றின் கீழும் ஏன் தெரிந்தெடுத்தேன் என்னும் குறிப்பு இருக்கின்றது. 'அம்மா சமைக்கும்போது பாடுவது' என்று ஒருவன் எழுதியிருந்தான். 'இதைக் கேட்டால் எங்கள் ஊர்ப் பேருந்து நினைவுக்கு வருகிறது' என்று ஒருத்தி எழுதினாள். திறனாய்வு முறைப்படி இவை சிறந்த குறிப்புகளல்ல என்போர் இருக்கக்கூடும். கைத்தொலைபேசியின் கணக்கு இவ்வாறு ஒரு காரணத்தையும் சொல்லமாட்டாது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பாட்டின் பழமை, அது பிறந்த ஆண்டைப் பொறுத்ததென நான் நினைக்கவில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பதிகத்தை இன்று காலை முதன்முதலாகக் கேட்பவனுக்கு அது புதுப்பாட்டு. சென்ற ஆண்டு வந்ததாயினும் ஒருவரும் மறுமுறை பாடாதது பழம்பாட்டு. எனவே எதைக் காப்பது என்னும் பொறுப்பு பாடியவர்களோடு முடிவதில்லை, கேட்பவர்களிடத்தும் இருக்கின்றது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இக்கிழமை ஏழு பாடல்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றுள் ஒன்று உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ பாடியதாயிருக்கட்டும். ஒன்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டு அறிந்ததாயிருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதி யாரேனும் ஒருவரிடம் கொடுங்கள். ஆசிரியராயிருப்பின் வகுப்பறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஒட்டிய தாளின் கீழே எட்டாவது பாட்டொன்றை எவனாவது ஒரு மாணவன் பென்சிலால் எழுதிவைப்பானாயின், அவனைக் கண்டியாமல், அந்தப் பாட்டையும் தேடிக் கேளுங்கள்.